பாலாற்றுப் பக்கத்து மண்ணில் புதினா மஞ்சளாகிறது – செடியைத் தேற்றினால் போதுமா?

பாலாற்றங்கரையான் | ஜூன் 3, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், ஆற்றிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி எங்கள் நிலம். மொத்தம் ஒன்றே முக்கால் ஏக்கர். அப்பா காலத்தில் நெல்லும் தென்னையும் இருந்தன. கிணற்றுத் தண்ணீர் கரித்துப்போன பிறகு நெல்லை விட்டுவிட்டோம். மூன்று வருஷமாக நான் வாசனைப் பயிர்தான் வைக்கிறேன். புதினா 20 சென்ட், துளசி 10 சென்ட், வரப்போரம் வெட்டிவேர்.

புதினா முதல் இரண்டு அறுப்பு நன்றாக வந்தது. மூன்றாவதில் இருந்து இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, நடுவெல்லாம் மஞ்சள். அன்னபேதி (இரும்பு சல்பேட்) அடித்தேன். பத்து நாள் பச்சை கட்டியது, மறுபடி அதே நிலை. போன வாரம் ஒரு தூரைப் பிடுங்கித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். புதினா வேர் வெள்ளையாக, முடி மாதிரி நீளமாக இருக்க வேண்டும். இது விரல்கடை நீளம்கூட இல்லை. நுனி பழுப்பாகி, தீக்குச்சி முனை மாதிரி தடித்துப் போயிருக்கிறது. ஒன்றிரண்டு தூர் இல்லை, பிடுங்கிய எட்டும் அப்படித்தான்.

மண்ணையும் தண்ணீரையும் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வந்த முடிவு:

மண்: மொத்த குரோமியம் கிலோவுக்கு 310 மி.கி., காட்மியம் 1.1, ஈயம் 38, பிஎச் (கார அமிலத் தன்மை) 8.3, இசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) 3.9.
கிணற்று நீர்: குரோமியம் லிட்டருக்கு 0.14 மி.கி., டிடிஎஸ் (கரைந்த மொத்த உப்பு) 3,800.

சாலிசிலிக் அமிலம், சிலிக்கான், வேரோடு சேர்ந்து வாழும் வாம் பூசணம் எல்லாம் கன உலோகத்தைத் தாங்க வைக்கும் என்று படித்தேன். எது வேலை செய்யும், எவ்வளவு போட வேண்டும்? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

நீலமேகம் | ஜூன் 3, காலை 8.15

சுண்ணாம்பு போடுங்க அண்ணே. ஏக்கருக்கு 400 கிலோ. உலோகமெல்லாம் மண்ணிலேயே கட்டிக்கொள்ளும். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறார்கள்.

---

மண்பார்வை சாந்தி | ஜூன் 3, காலை 9.30

தயவுசெய்து சுண்ணாம்பு போடாதீர்கள். நீலமேகம் தம்பி சொல்வது புளித்த, அதாவது அமில மண்ணில் காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் சரி. இந்த மண் ஏற்கெனவே 8.3. அதற்கு மேல் களரை, அதாவது காரத்தன்மையை ஏற்றிப் பயனில்லை. அதோடு குரோமியத்தின் கதை வேறு.

குரோமியம் மண்ணில் இரண்டு உருவத்தில் இருக்கும். மூன்றாம் நிலை குரோமியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும், வேருக்கு எளிதில் கிடைக்காது. ஆறாம் நிலை குரோமியம், அதாவது குரோமேட், தண்ணீரில் கரைந்து ஓடும். செடிக்கும் மனிதனுக்கும் கொடியது இதுதான். களர் கூடக் கூட மண் குரோமேட்டைப் பிடித்து வைக்காது, விட்டுவிடும். உங்கள் நிலத்தில் சுண்ணாம்பு போட்டால் கட்டிக்கிடப்பதையும் அவிழ்த்து விட்டது போல ஆகும்.

இந்தப் பக்கத்துத் தோல் ஆலைகள் பதனிட வாங்குவது மூன்றாம் நிலை குரோமியம் சல்பேட்தான். ஆனால் குரோமேட் உப்பு தயாரிக்கும் ஆலைக் கழிவில் ஆறாம் நிலையே நேராக இருக்கும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்திருக்கும் கழிவு அந்த வகை. உங்கள் நிலத்தில் எது எவ்வளவு என்று மொத்த அளவை வைத்துச் சொல்ல முடியாது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் பாறையிலேயே குரோமைட் என்ற குரோமியத் தாது இருக்கிறது. அங்கே மண்ணில் மொத்த குரோமியம் கூடுதலாகத்தான் வரும். அது பாறைத் துகளுக்குள் பூட்டிக் கிடப்பது. ஆகவே அடுத்த முறை ஆறாம் நிலை குரோமியத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். காட்மியத்துக்கு மொத்தத்தோடு டிடிபிஏ சாறில் கரையும் அளவையும், அதாவது வேருக்குக் கிடைக்கக்கூடிய பங்கையும் கேளுங்கள்.

மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கும். அதில் குரோமியமும் இல்லை, காட்மியமும் இல்லை. அதை வைத்துக்கொண்டு மண் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு கேள்வி. தண்ணீருக்கு வேறு வழி இருக்கிறதா? இந்தப் புதினா எங்கே போகிறது?

---

பாலாற்றங்கரையான் | ஜூன் 3, இரவு 8.40

நன்றி அக்கா. தண்ணீர் அந்த ஒரு கிணறுதான். மழைநீருக்கு ஒரு சின்ன தொட்டி இருக்கிறது, 10,000 லிட்டர்.

புதினா ஆம்பூர் சந்தைக்குப் போகிறது. பெரும்பாலும் பிரியாணிக் கடைகள் எடுக்கும். கொஞ்சம் வீட்டுக்கு. மகளுக்குப் புதினாத் துவையல் இல்லாமல் இட்லி இறங்காது.

---

முல்லை_ஆய்வு | ஜூன் 4, காலை 11.20

நான் முனைவர் பட்டத்துக்குப் புதினாவில் காட்மியம் தாங்கும் திறனைப் பற்றித்தான் வேலை செய்கிறேன். நீங்கள் கேட்ட மூன்றைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் முழுவதும் படித்துவிட்டு முடிவெடுங்கள் அண்ணா.

முதலில் செடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உலோகம் வேருக்குள் போனதும் செல்லில் ஆக்சிஜன் மூர்க்கமான வடிவங்களாக மாறி, சவ்வையும் பச்சையத்தையும் அரிக்கும். இரும்பு மேலே ஏறுவதும் தடைப்படும். நீங்கள் பார்த்த நரம்பு பச்சை, நடு மஞ்சள் அதனால் வரக்கூடியதுதான். உங்கள் களர் மண்ணே இரும்பைக் கட்டிவைக்கும், ஆகவே இரண்டும் சேர்ந்திருக்கும். செடி சும்மா இருக்காது. குளுட்டதயோன் என்ற கந்தகச் சேர்மத்தைச் சங்கிலியாகக் கோத்து, காட்மியத்தை அதில் கட்டி, செல்லின் நடுவில் இருக்கும் நுண்குமிழில் தள்ளிப் பூட்டும். இந்தச் சங்கிலிக்கு ஃபைட்டோகெலட்டின் என்று பெயர்.

சாலிசிலிக் அமிலம் இந்தத் தற்காப்பை உசுப்பிவிடும். ஆய்வுகளில் வழக்கமாக 0.5 மில்லிமோலார் தெளிப்பார்கள். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 69 மி.கி., பத்து லிட்டர் டேங்குக்கு 0.7 கிராம். முதலில் கொஞ்சம் சாராய ஸ்பிரிட்டில் கரைத்துப் பிறகு தண்ணீரில் கலக்க வேண்டும். கூடினால் இலை கருகும். சிலிக்கான் புல் இனங்களில்தான் நன்றாகக் கேட்கும். எலுமிச்சைப்புல், பாமரோசா, வெட்டிவேர் எல்லாம் புல். புதினா அப்படிச் சிலிக்கானைச் சேர்க்கும் செடி இல்லை. வாம், அதாவது வேர் உட்பூசணம், பல உலோகங்களைத் தன் இழையிலேயே பிடித்து வைக்கும். பாஸ்பரஸும் கொடுக்கும்.

இனி நான் சொல்ல வேண்டியது. எங்கள் சோதனையெல்லாம் தொட்டியில். சுத்தமான மண்ணில் நாங்களே காட்மியம் குளோரைடைக் கரைத்து ஊற்றுகிறோம். அது புதிதாகச் சேர்ந்த உலோகம், வேருக்கு உடனே கிடைக்கும். வயலில் முப்பது வருஷமாகக் கிடந்து மண்ணோடு ஊறியதும் அதுவும் ஒன்றில்லை. தொட்டியில் 45 நாள் நிழல்வலையில் வந்த விளைச்சல் வயலிலும் வரும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. என் முதல் வருஷத்தில் நானே தவறாகப் படித்த இடம் இது. மருந்து தெளித்த செடி இரண்டு மடங்கு வளர்ந்தது. இலையில் கிலோவுக்கு இவ்வளவு என்ற அளவு குறைந்திருந்தது. மகிழ்ச்சியாக எழுதிவைத்தேன். எங்கள் பேராசிரியை மொத்த எடையால் பெருக்கிப் பார்க்கச் சொன்னார். தெளித்த செடி மொத்தமாக எடுத்திருந்த காட்மியம் தெளிக்காததைவிடக் கூடுதல். செடி பெரிதானதால் அளவு நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். எனவே தாங்குதல் வேறு, எடுக்காமல் இருத்தல் வேறு. பச்சையாக நிற்கும் செடி, உள்ளே உலோகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு பச்சையாக நிற்கலாம்.

---

மண்பார்வை சாந்தி | ஜூன் 4, மதியம் 1.05

முல்லை சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மஞ்சளாக இருக்கும் கட்டைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள். அதுவே ஒரு காவல். அந்தக் காவலை எடுத்துவிட்டு உலோகத்தை மட்டும் உள்ளே விட்டுவைத்தால் யாருக்கு நல்லது? செடியைத் தேற்றும் முன் இலையைச் சோதித்துப் பாருங்கள்.

உப்பு பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. உங்கள் தண்ணீரில் குளோரைடு நிறைய இருக்கும், தோல் பதனிடும் ஊர்களின் நீர் அப்படித்தான். குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து கரையும் சேர்மமாக்கி, வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அதனால் மண்ணில் 1.1 என்பது சின்ன எண்ணாகத் தெரிந்தாலும், உப்பு நீர் பாயும் நிலத்தில் அது இலைக்கு எளிதாக ஏறும். கீரை வகைகள் காட்மியத்தை இலையில் சேர்க்கும் குணம் உள்ளவை. புதினாவை நாம் கீரை மாதிரித்தான் சாப்பிடுகிறோம்.

---

தென்னஞ்சோலை | ஜூன் 4, மாலை 6.30

நான் ஒன்று சொல்லட்டுமா? வெட்டிவேரை நிலம் முழுக்க நடுங்கள். மூன்று வருஷத்தில் மண்ணில் உள்ள விஷத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும். அப்புறம் நெல்லே வைக்கலாம்.

---

மண்பார்வை சாந்தி | ஜூன் 4, இரவு 9.10

ஆசையாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் கணக்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 850 டன். கிலோவுக்கு 310 மி.கி. என்றால் அதில் 260 கிலோவுக்கு மேல் குரோமியம் இருக்கிறது. ஒரு பயிர் ஏக்கருக்கு 4 டன் காய்ந்த தழை கொடுத்து, அதில் கிலோவுக்கு 20 மி.கி. குரோமியம் இருந்தால்கூட வருஷத்துக்கு 80 கிராம்தான் வெளியே போகும். மூவாயிரம் வருஷம் ஆகும். வெட்டிவேரோ எடுத்ததைப் பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்ளும், தழைக்கு அனுப்பாது. அதனால் அது மண்ணைப் பிடித்து நிறுத்தும் பயிர், மண்ணைக் கழுவும் பயிர் அல்ல.

தண்ணீரையும் கணக்குப் பார்த்தேன். ஒரு பாய்ச்சல் 5 செ.மீ. என்றால் ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 0.14 மி.கி. வீதம் ஒரு பாய்ச்சலில் 28 கிராம். வருஷத்துக்கு 25 பாய்ச்சல் விட்டால் 700 கிராம். பயிர் எடுப்பதைவிட எட்டு மடங்குக்கு மேல் நாமே உள்ளே விடுகிறோம். அதுவும் கரைந்த நிலையில், வேருக்கு நேராக. பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் அளவு லிட்டருக்கு 0.1 மி.கி. உங்கள் நீர் அதைத் தாண்டியிருக்கிறது. குடிநீருக்கு நம் நாட்டு அளவு 0.05. அந்தக் கிணற்றை வீட்டில் யாரும் குடிக்கவில்லையே?

---

பாலாற்றங்கரையான் | ஜூன் 4, இரவு 9.25

குடிப்பதில்லை. கேன் தண்ணீர்தான். ஆனால் அதில் வெட்டிவேர் போடுவோம். எங்கள் வரப்பு வெட்டிவேர்.

---

நொச்சித்திட்டு | ஜூன் 5, காலை 5.40

தம்பி, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நான் கடலூர்ப் பக்கம், கடலோர மணலில் இருபது வருஷமாக வெட்டிவேர் போடுகிறவன்.

வேர் என்பது அந்தச் செடி எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் இடம். நாங்கள் வேரைத் தோண்டி எடுத்து மண் போக அலசினால் முதல் தண்ணீர் செம்பட்டையாக வரும், நான்காம் தண்ணீருக்குத்தான் தெளியும். அதுவும் மணல் நிலம். உங்களுடையது களிமண். வேர் முடிக்குள் இருக்கும் மண்ணே முழுக்கப் போகாது. உள்ளே ஏறியது எத்தனை அலசினாலும் போகாது. அதைப் பானையில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பிள்ளைக்கு ஒரு டம்ளர் கொடுக்கிறோம். எங்கள் ஊர்ச் சரக்கு நாட்டு மருந்துக் கடைகளுக்குப் பானைக்கென்றேதான் போகிறது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் நிலத்து வேரைப் பானைக்கும் தராதீர்கள், குளியல் பொடிக்கும் தராதீர்கள். இன்றைக்கே பானையில் இருந்து எடுத்துவிடுங்கள்.

தட்டிக்கும் விசிறிக்கும் போகலாமா என்றால், தட்டியில் தண்ணீர் தெளித்துக் காற்று வாங்குவார்கள், குடிப்பதில்லை. ஆனால் வாங்கியவர் அதைப் பிய்த்துப் பானையில் போடமாட்டார் என்று யார் பார்த்தது? எண்ணெய்க்குக் கொடுப்பதுதான் சரி.

---

புல்தைலம்_கூடலூர் | ஜூன் 5, காலை 10.00

எண்ணெய் என்ற பேச்சு வந்ததால் நான் வருகிறேன். கூடலூர்ப் பக்கம் எலுமிச்சைப்புல் எண்ணெய் வடிக்கும் வாலை வைத்திருக்கிறேன்.

வாலையில் நடப்பது இதுதான். கீழே தண்ணீர் கொதிக்கும், ஆவி புல்லுக்குள் ஏறும், எண்ணெயைத் தூக்கிக்கொண்டு குழாயில் போய்க் குளிரும். குளிர்ந்த தண்ணீர் மேல் மஞ்சள் வளையமாக எண்ணெய் மிதக்கும்போது அந்த வாசம் அடுத்த மேடு வரை போகும். குரோமியம், காட்மியம், ஈயம் எதுவும் நூறு டிகிரியில் ஆவியாகாது. அவை சக்கையிலேயே தங்கிவிடும். பல்கேரியாவில் பிளோவ்தீவ் ஊருக்குப் பக்கத்தில் உலோகம் உருக்கும் ஆலையைச் சுற்றியுள்ள நிலத்தில் லாவெண்டரும் மிளகுப் புதினாவும் போட்டு 1990களிலேயே பார்த்திருக்கிறார்கள். செடியில் உலோகம் இருந்தது, எண்ணெய் கெடவில்லை. மாசுபட்ட நிலத்துக்கு வாசனைப் பயிர் என்று லக்னோவில் உள்ள மருந்து, நறுமணப் பயிர்களுக்கான மத்திய ஆய்வு நிறுவனமான சீமேப்பைச் சேர்ந்தவர்களும் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

ஆனால் நான்கு இடத்தில் கவனம் வேண்டும்.

வேரை நன்றாக அலசாமல் வாலையில் போட்டால் மண் கொதித்துப் பொங்கி, குழாய்க்குள் தெறித்து ஏறும். உலோகம் ஆவியாக வராது என்பது சரி, ஆனால் சேறு தெறிக்கும். கொப்பரையை முக்கால் வரை நிரப்பினால் போதும். வாலை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், பழைய செம்பு வாலை அதுவே செம்பைக் கொடுக்கும்.

வெட்டிவேர் எண்ணெய் எலுமிச்சைப்புல் மாதிரி இரண்டு மூன்று மணி நேரத்தில் வராது. ஒரு பகல் ஒரு ராத்திரி எரிக்க வேண்டும். எண்ணெய் ஏறக்குறையத் தண்ணீர் எடைதான், சுலபமாகப் பிரியாது. விறகுச் செலவைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வடித்த பிறகு மிஞ்சும் சக்கையை மாட்டுக்குப் போடாதீர்கள், மட்க வைத்துக் காய்கறிப் பாத்திக்கும் போடாதீர்கள். எங்கள் வாலையில் சக்கையைக் காயவைத்து அடுப்பிலேயே எரிப்போம். உங்களுடையதை எரித்தால் உலோகம் சாம்பலில் குவியும். இந்தச் சாம்பலைப் பாத்திரம் துலக்கக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சக்கையை எரிக்காமல் வந்த நிலத்துக்கே, பயிர் வைக்காத ஓரத்தில் மூடாக்காகப் போடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

கடைசியாக, எலுமிச்சைப்புல் நட்டால் பக்கத்து வீட்டுக்காரர் டீக்கு நான்கு இலை கேட்பார். கொடுக்காதீர்கள். மனம் சங்கடப்படும், ஆனாலும் கொடுக்காதீர்கள்.

---

நீலமேகம் | ஜூன் 5, மதியம் 12.30

சாந்தி அக்கா, சுண்ணாம்பு விஷயத்தில் என் தவறு புரிந்தது. எங்கள் பக்கம் செம்மண், பிஎச் 5.5. அதனால் அங்கே சரியாக வந்திருக்கிறது. அப்படியானால் அண்ணன் நிலத்துக்கு என்னதான் போடுவது?

---

மண்பார்வை சாந்தி | ஜூன் 5, மாலை 4.45

முதலில் மக்கிய தொழு உரம். ஏக்கருக்கு 5 டன் என்று எல்லாப் பயிருக்கும் சொல்வதுதான், இங்கே அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. மட்கு மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் மட்கே தரும் எலக்ட்ரான்களும் ஆறாம் நிலை குரோமியத்தை மூன்றாம் நிலையாக மாற்றும். மாறியது மட்கோடு ஒட்டிக்கொள்ளும். வருஷா வருஷம் போட வேண்டும், ஒரு தடவையோடு முடியாது. ஏனென்றால் மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு கொஞ்சத்தைத் திரும்ப ஆறாம் நிலைக்குத் தள்ளும்.

மட்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று தோல் சவ்வுக் கழிவில் செய்ததையோ நகரக் குப்பை உரத்தையோ சோதிக்காமல் இறக்காதீர்கள். நகர மட்கு உரத்துக்கு அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் குரோமியம் கிலோவுக்கு 50 மி.கி., காட்மியம் 5, ஈயம் 100 என்று உச்சவரம்பே இருக்கிறது. சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது ஜிப்சம். சோடியத்தைத் தள்ளுவதற்குத்தான் போடுவோம், வடிகால் இருந்தால் மட்டும். அதில் சல்பேட் இருக்கிறது. குரோமேட், சல்பேட் போலவே தோற்றம் கொண்டது, வேரில் சல்பேட் நுழையும் வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது. வாசலில் சல்பேட் கூட்டமாக நின்றால் குரோமேட்டுக்கு இடம் குறையும். முல்லை சொன்ன குளுட்டதயோனுக்கும் கந்தகம் வேண்டும்.

மூன்றாவது துத்தநாக சல்பேட், ஏக்கருக்கு 10 கிலோ. துத்தநாகம் குறைந்த மண்ணில் வேர் அதைத் தேடும்போது காட்மியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சோதனையில் குறைவு என்று வந்தால் மட்டும் போடுங்கள், துத்தநாகமும் கூடினால் நஞ்சுதான்.

புல் இனம் நட்டால் உமிக்கரி நல்லது, சிலிக்கானும் தரும். வெள்ளைச் சாம்பல் வேண்டாம், களரை ஏற்றிவிடும். வாம் பூசணத்தை நடும்போதே குழியில் வேருக்குப் பக்கத்தில் வையுங்கள். அதன்பின் சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டினால் பூசணம் வேரோடு சேராது. ஃபாஸ்பேட் உரத்திலேயே பாறையைப் பொறுத்துக் காட்மியம் வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இத்தனையும் செடியை நிற்க வைக்கும், உலோகத்தைக் கொஞ்சம் தடுக்கும். சாப்பிடும் இலைக்கு இதை நம்ப முடியாது.

---

பெருமாள்கோவில்_தெரு | ஜூன் 5, இரவு 7.50

துளசி பற்றி யாரும் பேசவில்லையே? மாலைக்குத்தானே போகிறது, சாப்பிடுவதற்கு இல்லை. அதை வைத்துக்கொள்ளலாமா?

---

நொச்சித்திட்டு | ஜூன் 5, இரவு 8.20

சாமி மேல் போட்ட துளசிதான் தீர்த்தத்தில் விழுகிறது. அர்ச்சகர் கையில் கொடுத்ததும் வாயில் போட்டுக்கொள்கிறோம். இருமலுக்குப் பாட்டி பறித்துக் கஷாயம் வைப்பாள். துளசி வேண்டாம். மாலைப் பயிர்தான் வேண்டுமென்றால் மரிக்கொழுந்து போட்டுப் பாருங்கள். அது தலைக்கும் மாலைக்கும்தான், யாரும் மெல்லுவதில்லை. பனிக்காலத்தில் ஒரே ஒரு பாத்தி. உப்பு நீரை எப்படித் தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

---

முல்லை_ஆய்வு | ஜூன் 6, காலை 9.15

துளசி மருந்துக்குப் போவதானால் இன்னொரு சிக்கல் உண்டு. ஆயுர்வேத, சித்த மூலிகைகளுக்கு நம் நாட்டில் நான்கு உலோகத்துக்குத்தான் வரம்பு: ஈயம் 10, ஆர்சனிக் 3, காட்மியம் 0.3, பாதரசம் 1, எல்லாம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கணக்கில். குரோமியம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வாணியம்பாடித் துளசி நான்கிலும் தேறி, நல்ல சீட்டோடு போய்விட முடியும். சீட்டில் இல்லாததை நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

---

பழைய_அயக்கட்டு | ஜூன் 6, மாலை 5.30

எனக்கு 71 வயது. இதே பாலாற்றில் ஊற்று தோண்டி, துணியில் வடிகட்டிக் குடித்தவன். தோல் ஆலைக் கழிவுக்கு எதிரான எங்கள் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது ஊரே வெடி வெடித்தது. மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டம்தான் என்று சொன்ன தீர்ப்பு அது. எனக்கும் நட்டஈடு வந்தது. மகள் கல்யாணத்துக்கு ஆயிற்று. கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது.

தம்பியிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நமக்குச் செய்தது போல் நாம் இன்னொருவருக்குச் செய்ய வேண்டாம். சந்தைக்குப் போகும் கட்டில் நம் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. வாங்குகிறவள் புருஷனுக்கும் பிள்ளைக்கும் நம்பிச் சமைக்கிறாள்.

---

பாலாற்றங்கரையான் | ஜூன் 6, இரவு 10.40

ஐயா, படித்தேன். பானையில் இருந்த வெட்டிவேரை அன்று காலையே எடுத்துவிட்டேன்.

நாளை முதல் புதினா அறுப்பை நிறுத்துகிறேன். ஒரு சோதனை மட்டும் செய்ய ஆசை. இரண்டு பாத்தி. ஒன்று சும்மா. ஒன்றில் தொழு உரம், ஜிப்சம், வாம், சாலிசிலிக் தெளிப்பு. 45 நாள் கழித்து இரண்டு இலையையும் அனுப்புகிறேன். முடிவை இங்கே போடுகிறேன்.

---

பாலாற்றங்கரையான் | ஆகஸ்ட் 2, இரவு 9.00

சொன்னபடி வந்துவிட்டேன். கைவைத்தியம் செய்த பாத்தி கண்ணுக்கு அழகாக இருந்தது. இலை கரும்பச்சை, ஒரு சாண் உயரம் கூடுதல், வேர் நுனி வெள்ளையாக மூன்று விரல்கடை ஓடியிருந்தது. சும்மா விட்ட பாத்தி பழைய மஞ்சள். கட்டு கட்டி வைத்திருந்தால் அன்றைக்கே வியாபாரி தூக்கிப் போயிருப்பார்.

காய்ந்த இலையில் காட்மியம் இரண்டுக்குமே முல்லை தங்கை சொன்ன 0.3 வரம்பைத் தாண்டியிருக்கிறது. குரோமியம் பச்சைப் பாத்தியில் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். இலையை மூன்று தண்ணீரில் அலசிய பிறகு எடுத்த அளவு இது. முல்லை தங்கை சொன்னது போல மொத்த எடையால் பெருக்கினேன். பச்சைப் பாத்திதான் நிலத்தில் இருந்து அதிகம் எடுத்திருக்கிறது.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷமாகக் கொடுத்த கட்டுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். முடியவில்லை. வழக்கமாக எடுக்கும் இரண்டு கடைக்காரர்களிடமும் நேரில் போய்ச் சீட்டைக் காட்டிச் சொல்லிவிட்டேன். ஒருவர் கோபப்பட்டார். இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

---

முல்லை_ஆய்வு | ஆகஸ்ட் 2, இரவு 9.40

அண்ணா, இரண்டே பாத்தி, ஒரே முறை. அறிவியல் கணக்கில் இது போதாது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் புதினாவை நிறுத்த இது போதும். அந்த மருந்துகள் வீண் இல்லை. அதே தொழு உரம், ஜிப்சம், வாம் எண்ணெய்ப் புல்லுக்குப் போனால், செடி தாங்கி நின்று எண்ணெய் தரும். உலோகம் எவர் வாய்க்கும் போகாது.

---

பாலாற்றங்கரையான் | ஆகஸ்ட் 3, காலை 6.30

அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன். புதினாவையும் துளசியையும் வேரோடு எடுத்தாயிற்று. அந்த 30 சென்ட்டில் பாதி எலுமிச்சைப்புல், பாதி பாமரோசா. வரப்பு வெட்டிவேர் அப்படியே நிற்கட்டும், மண் ஓடாமல் பிடிக்கும். எண்ணெய்க்கு அளவு சேரும்போது எடுக்கலாம். வீட்டுக்கு மட்டும் புதினா, மாடியில் 12 பையில், ஏலகிரி அடிவாரத்தில் மாமா நிலத்து மண், மழைத்தொட்டித் தண்ணீர்.

கூடலூர் அண்ணே, 60க்கு 45 செ.மீ. இடைவெளியில் 15 சென்ட்டுக்கு 2,250 தூர் வருகிறது. பட்டுப்போகும் தூருக்கு மாற்றாக நூறு சேர்த்து 2,350. உங்களிடம் எலுமிச்சைப்புல் தூர் கிடைக்குமா? பக்கத்தில் வாலை எதுவும் இல்லை. ஊரில் இன்னும் நான்கு பேர் சேர்ந்தால் சின்ன வாலை ஒன்று போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

---

புல்தைலம்_கூடலூர் | ஆகஸ்ட் 3, காலை 7.10

தூர் இருக்கிறது தம்பி, விலை பேச வேண்டாம். லாரி வாடகை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி அனுப்புகிறேன். வந்த அன்றே நட்டுவிட வேண்டும். வாலை பற்றிப் பேச உங்கள் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை இங்கே வாருங்கள். அடுப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும். முதல் அறுப்புக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது.

---

பழைய_அயக்கட்டு | ஆகஸ்ட் 3, காலை 8.00

அந்த நான்கு பேரில் என்னையும் சேர்த்துக்கொள் தம்பி. அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது.